அமெரிக்க அரசாங்கப் பாடசாலையில் நம் பிள்ளையைச் சேர்க்கலாமா?

கோப்பாயிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மகனுக்குப் பதினான்கு வயது. தரம் 9இல் படிக்கிறான். தாயாருடைய அக்கா அமெரிக்கப் பிரசை, நியூ ஜேர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறார். “இங்கே ஹைஸ்கூல் முடியும்வரை காசில்லை, விசிட் விசாவில் அனுப்பிவிடு, பாதுகாவலர் பத்திரம் எழுதிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்க்கிறேன்” என்று அக்கா சொல்கிறார். யாழ்ப்பாண நகரிலுள்ள முகவர் ஒருவரோ, “அரசாங்கப் பாடசாலை ஸ்டூடன்ட் விசா, நாலு வருடம், கட்டணம் இல்லை” என்று வேறொரு வழியைக் காட்டி முற்பணம் கேட்கிறார். இவற்றுள் எதை நம்புவது என்பதே கேள்வி.

இரண்டு வழியும் உதவாது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரித் தவறானவை அல்ல. முகவர் சொல்லும் விசா சட்டத்திலேயே இல்லை. அக்கா சொல்வதோ, அவர் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்லும் உண்மை. அந்தப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும், காசு கேட்காது, விசாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாடசாலைக் கதவைத் திறப்பவர் ஒருவர், நாட்டுக் கதவைத் திறப்பவர் இன்னொருவர். முதலாமவர் சரி என்று தலையாட்டியதை இரண்டாமவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்ட குடும்பங்கள்தாம் பின்னர் அல்லற்படுகின்றன.

கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தற்காலிக விசா கேட்கும் எவரும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் எழுபது வயது அம்மம்மா உட்பட, டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் கடைசிப் பக்கங்களில் பயங்கரவாதம், போதைப்பொருள், ஆட்கடத்தல் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். படிவம் நிரப்பிக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் இருக்கும் தம்பி ஒன்றையும் வாசிக்காமல் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று அழுத்திக்கொண்டே போவார். அந்த வரிசையில் ஒரு விசித்திரமான கேள்வி உண்டு. எப் என்ற மாணவர் விசா நிலையில் அரசாங்க ஆரம்பப் பாடசாலையில் படித்திருக்கிறீர்களா, அல்லது 1996 நவம்பர் 30ஆம் திகதிக்குப் பின்னர், பாடசாலைக்கு உரிய செலவைத் திருப்பிச் செலுத்தாமல் அரசாங்க இடைநிலைப் பாடசாலையில் படித்திருக்கிறீர்களா என்பதே அது. பத்து வருடங்களுக்கு மேலாக அயலவர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து வருகிறேன், “இது என்ன கேள்வி, ஏன் அந்தத் திகதி?” என்று என்னைக் கேட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கோப்பாய்த் தாயாருடைய கேள்விக்கான விடை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் தாய்வான், ஹொங்கொங் முதலிய இடங்களைச் சேர்ந்த வசதியுள்ள குடும்பங்கள், பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கலிபோர்னியாவில் உறவினர் வீட்டிலோ, தாம் வாங்கிய வீட்டில் தனியாகவோ விட்டு, அயலிலுள்ள அரசாங்கப் பாடசாலையில் இலவசமாகப் படிப்பித்துவிட்டுத் தாம் ஊரிலேயே தொழிலைப் பார்த்தன. வானத்திலிருந்து இறக்கிவிட்டதுபோல் வந்து சேர்ந்ததால் அவர்களைப் “பாராசூட் பிள்ளைகள்” என்றே அழைத்தார்கள். அதே காலத்தில், 1994இல், ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கும் பிரேரணை 187ஐக் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். சமஷ்டி நீதிமன்றம் அதை நடைமுறைக்கு வரவிடவில்லை. 1996இல் அதே எண்ணத்தை நாடு முழுவதற்குமான சட்டமாக்க அமெரிக்கக் காங்கிரசில் முயற்சி நடந்தது. ஜனாதிபதி கிளின்டன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்துவார் என்ற அச்சத்தால் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. கைவிடப்படாமல் நின்றது, விசா எடுத்து முறையாக வரும் வெளிநாட்டு மாணவரைப் பற்றிய சிறிய பிரிவு ஒன்றுதான். செப்டெம்பர் 30ஆம் திகதி கையொப்பமான அந்தக் குடிவரவுச் சட்டத்தின் 625ஆம் பிரிவு அது. நவம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. படிவத்திலுள்ள திகதி அங்கிருந்து வந்தது.

அந்தப் பிரிவு சொல்வது சுருக்கமானது, கடுமையானது. எப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசாங்கப் பாடசாலையில் படிக்கவே முடியாது. பணம் கட்டினாலும் முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அரசாங்க உயர்நிலைப் பாடசாலையில், எல்லாம் சேர்த்து, பன்னிரண்டு மாதங்கள் மாத்திரமே படிக்கலாம். ஒரு பாடசாலையில் ஆறு மாதம், இன்னொன்றில் பன்னிரண்டு மாதம் என்று பிரித்துக் கணக்குக் காட்ட இடமில்லை, மொத்தமே பன்னிரண்டு. அதற்கும், அந்தப் பாடசாலையை நடத்தும் உள்ளூர்க் கல்வி நிர்வாகத்துக்கு ஒரு மாணவருக்கு ஆகும் முழுச் செலவையும், எந்தக் கழிவும் மானியமும் இல்லாமல், செலுத்தியிருக்க வேண்டும். ஆகவே முகவர் சொல்லும் “நாலு வருடம்”, “கட்டணம் இல்லை” ஆகிய இரண்டு வாக்குறுதிகளையும் சட்டத்தின் இரண்டு நிபந்தனைகள் நேருக்கு நேர் மறுக்கின்றன.

முழுச் செலவு என்றால் எவ்வளவு என்பதை விளங்க, அங்கே பாடசாலைகள் எந்தப் பணத்தில் ஓடுகின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்முடைய ஆசிரியர் சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது. தேசிய பாடசாலையாயினும் மாகாணப் பாடசாலையாயினும் அதன் கணக்கைச் சங்கானையில் வீடு வைத்திருப்பவர் தம் சட்டைப்பையில் உணர்வதில்லை. அமெரிக்காவில் பாடசாலைச் செலவில் கணிசமான பங்கை அந்தந்த ஊர் வீட்டுக்காரர்கள் கட்டும் ஆதன வரி, நம்முடைய பேச்சில் சோலை வரி, தாங்குகிறது. மீதியை மாநிலமும், சிறு பங்கைச் சமஷ்டி அரசும் கொடுக்கின்றன. நியூ ஜேர்சியில் வீடு வைத்திருப்பவரைக் கேட்டால், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டொலர் ஆதன வரியைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவார். அந்தப் புலம்பலில் பெரும் பகுதி பாடசாலைக்கானது. 2022 நிதியாண்டில் அரசாங்கப் பாடசாலை மாணவர் ஒருவருக்கு நாடு தழுவிய சராசரிச் செலவு 15,600 டொலருக்குச் சற்று மேல். யூட்டா, ஐடஹோ போன்ற மாநிலங்களில் அது பத்தாயிரத்துக்கும் கீழ். நியூ யோர்க்கில் முப்பதாயிரத்தை நெருங்கியது. நியூ ஜேர்சியிலும் 25,000ஐ ஒட்டியது. ஒரு டொலர் முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும், நியூ ஜேர்சியில் ஒரு வருடப் படிப்புக்கு முக்கால் கோடி ரூபாய் ஆகிறது. இதில் சாப்பாடும் விமானச் சீட்டும் சேரவில்லை.

இங்கே அக்கா நியாயமாகவே ஒரு கேள்வி கேட்பார். “அந்த வரியை நானும்தானே கட்டுகிறேன், என் தங்கையின் பிள்ளைக்கு ஏன் மறுபடியும் கட்ட வேண்டும்?” கேள்வி நியாயமானது, ஆனால் பெறுமதி இல்லாதது. உறவினரோ பொறுப்பாளரோ ஆதன வரி கட்டுவது இந்த நிபந்தனையை நிறைவேற்றியதாகாது என்று விசா அதிகாரிகளுக்கான வழிகாட்டிக் கைநூல் வெளிப்படையாகவே சொல்கிறது. பாடசாலை நிர்வாகம் இரக்கப்பட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் அதிகாரம் இல்லை. அதிபர் “பரவாயில்லை, சேருங்கள்” என்று கடிதம் கொடுத்தால், அந்தக் கடிதமே விசாவை மறுப்பதற்குச் சான்றாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் எதிர்காலத்தில் இல்லை. செலுத்துவார் என்றல்ல, செலுத்திவிட்டார் என்று காட்ட வேண்டும் என்கிறது. அதாவது நேர்முகத்துக்குப் போகும் முன்னரே பணம் கைமாறியிருக்க வேண்டும். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்புமா என்பது அந்தந்தப் பாடசாலை நிர்வாகத்தின் விதியைப் பொறுத்தது. அதை எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு சதமும் அனுப்பக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, மாணவர் விசா கேட்பதற்குப் பாடசாலை தரும் ஐ-20 என்ற பத்திரம். வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதற்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற பாடசாலைதான் அதைத் தர முடியும். அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகளிற் பல அந்த அங்கீகாரத்தை எடுப்பதே இல்லை, ஏனெனில் ஒரு வருடத்துக்கு வந்துபோகும் ஒரு மாணவருக்காக அவ்வளவு கடதாசி வேலை அவர்களுக்குத் தேவையில்லை. பத்திரம் கையில் வந்தால் முதற் பக்கத்தை மேசையில் விரித்து நிதானமாகப் பாருங்கள். மேலே “N” என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் செவிஸ் இலக்கம், அதாவது வெளிநாட்டு மாணவரைப் பதிந்துவைக்கும் அரசாங்கக் கணினி முறையின் இலக்கம். அதன் கீழே பிள்ளையின் பெயர். கடவுச்சீட்டிலுள்ளபடி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும், நம்மவர் பெயரில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறுவது வழக்கம். பிறகு படிப்பின் மட்டம், தொடங்கும் திகதி, முடியும் திகதி. அரசாங்கப் பாடசாலை என்றால் அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருக்கவே முடியாது. கீழே இரண்டு நிரல்கள்: இடப்புறம் மதிப்பிட்ட செலவு, வலப்புறம் அந்தச் செலவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்ற விபரம். இடப்புற நிரலில் கல்விக் கட்டணம் வெறுமையாகவோ பூச்சியமாகவோ இருந்தால், செலவு முழுவதும் செலுத்தப்பட்டதாகப் பாடசாலையின் பொறுப்பான அலுவலர் கையொப்பமிட்டு நொத்தாரிசு உறுதிப்படுத்திய கூற்று வேறாக வேண்டும். மாணவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் அடியில் தாயோ தகப்பனோ கையொப்பமிட வேண்டும். முகவர் கொண்டுவரும் “ஐ-20” இல் இவற்றில் எது குறைந்தாலும், அது எந்த அச்சகத்தில் பிறந்தது என்று விசாரிப்பதே நல்லது. போலிப் பத்திரத்தைத் தூதரகத்தில் கொடுத்தால், முகவரல்ல, பிள்ளைதான் பொய்ப் பிரதிநிதித்துவம் செய்தவனாகப் பதிவாவான். அந்தத் தடைக்குக் கால எல்லை கிடையாது.

பத்திரம் சரியென்றால் 350 டொலர் செவிஸ் கட்டணம், 185 டொலர் விசாக் கட்டணம், பின்னர் நேர்முகம். அங்கே, படிப்பு முடிந்து ஊர் திரும்புவான் என்பதை அதிகாரி நம்ப வேண்டும். தாயாருடைய பெயரில் அக்கா ஏற்கெனவே சகோதரர் பிரிவில் குடியேற்ற விண்ணப்பம் போட்டிருந்தால் அதையும் அவர் எடைபோடுவார். அந்தப் பிரிவில் காத்திருப்பு பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் மகன் அதில் ஏறிக்கொள்வான் என்று கணக்குப் போடுவதும் வீண்; இருபத்தொரு வயதைக் கடந்த பிள்ளை பொதுவாக அதிலிருந்து விழுந்துவிடும்.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும் நாட்டில், அக்காவின் பக்கத்துப் பள்ளிக்கூடம் மட்டும் ஏன் ஒன்றும் கேட்காமல் சேர்க்கிறது? இதுதான் நம்மவர்களை ஏமாற்றும் இடம். 1975இல் டெக்சாஸ் மாநிலம், சட்டப்படி அனுமதிக்கப்படாத பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பணம் கொடுப்பதில்லை என்று சட்டம் இயற்றியது. 1977இல் ரைலர் என்ற ஊரின் பாடசாலை நிர்வாகம், அப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஆயிரம் டொலர் கேட்டது. மெக்சிக்கோவிலிருந்து வந்து ரோசாத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த குடும்பங்களுக்கு அது முடியாத தொகை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1982 ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், நீதியரசர் பிரெனன் எழுதிய தீர்ப்பு அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது: பெற்றோர் செய்த குற்றத்துக்காகப் பிள்ளையைக் கல்வியிலிருந்து விலக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. அன்று முதல் அமெரிக்காவில் அரசாங்கப் பாடசாலை எதுவும் பிள்ளையின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டி வாசலில் திருப்பி அனுப்ப முடியாது. எனவே பெரும்பாலான பாடசாலைகள் அதைக் கேட்பதே இல்லை. அந்த எல்லைக்குள் வசிக்கிறார்களா, தடுப்பூசி போட்டிருக்கிறதா, பொறுப்பாளர் யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். 1983க்குப் பின்னர் வள்ளமேறிப் போன நம்முடைய பிள்ளைகளைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் சேர்த்துப் படிப்பித்ததைக் கண்டவர்களுக்கு, கடவுச்சீட்டுக் கேட்காத பள்ளிக்கூடத்தின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு பாடசாலையைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, விசா அதிகாரியைக் கட்டுப்படுத்தவில்லை. ஏற்கெனவே அங்கே வாழும் பிள்ளைக்குப் படிப்பை மறுக்காதே என்கிறது. வெளியே இருக்கும் பிள்ளைக்கு வந்து படிக்க உரிமை உண்டு என்று எங்கும் சொல்லவில்லை. பாடசாலைக் காரியாலயம் சிரித்த முகத்தோடு பதிவு செய்த அதே நாளில், அதே பிள்ளை தன் விசாவின் நிபந்தனையை மீறியிருக்கக் கூடும். அதைப் பாடசாலை சொல்லாது. சொல்வது அதன் வேலையும் அல்ல.

விசிட் விசா என்று நாம் சொல்லும் பி-2 நிலையில் பாடநெறி எதிலும் சேர முடியாது என்று விதி நேரடியாகச் சொல்கிறது. போன பிறகு மாணவர் நிலைக்கு மாற்றலாமே என்பார்கள். விண்ணப்பிக்கலாம், ஆனால் அனுமதி வரும் முன்னர் வகுப்பில் காலடி வைக்கக் கூடாது. அனுமதி வந்தாலும் அது எப்-1 நிலைதானே. பன்னிரண்டு மாதமும் முழுச் செலவும் அப்படியே கூட வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சில வருடங்களுக்கு முன் இதே வழியில் போனது. மகளைப் பதினான்கு வயதில், ஆடி மாத விடுமுறைக்கு என்று, சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் ஆறு மாதத் தங்கல் அனுமதி கிடைத்தது. செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடம் படித்தாள், நன்றாகவே படித்தாள். பிறகு வீட்டுச் சூழ்நிலையால் ஊருக்குத் திரும்பினாள். பதினெட்டு வயதுக்குட்பட்ட காலம் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கிடப்படாது என்பதால், மூன்று வருடத் தடை, பத்து வருடத் தடை ஒன்றும் அவள் மேல் விழவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருந்தார்கள். அது சரியும்கூட. ஆனால் அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதால் அவளுடைய பழைய விசா தானாகவே செல்லாமற் போயிருந்தது. பத்தொன்பது வயதில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அனுமதி கிடைத்து, என் மேசைக்கு முன்னால் இருந்து டிஎஸ்-160 நிரப்பினாள். அந்தக் கேள்வி வந்ததும் அவளுடைய விரல் நின்றது. “மாமா, இதுக்கு என்ன போடுறது?” என்றாள். உண்மையைப் போடு என்றேன். வேறு எதைச் சொல்ல முடியும்? நேர்முகம் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. அவள் இப்போது வேறு நாட்டில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் பதினான்கு வயதில் அவள் எடுக்காத முடிவுக்குப் பத்தொன்பது வயதில் அவளே பதில் சொல்ல வேண்டியிருந்ததை நான் மறக்கவில்லை.

எப்-1 விசாவில் போய் இந்த நிபந்தனைகளை மீறுபவருக்குத் தண்டனை சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தனியார் பாடசாலைக்கு என்று விசா எடுத்துப் போய், இறங்கியதும் கட்டணம் கட்டாமல் அரசாங்கப் பாடசாலைக்கு மாறுவது, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிடுவது ஆகியவை இதில் அடங்கும். அப்படிப்பட்டவர் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து முடிக்கும்வரை எந்த விசாவிலும் உள்ளே வர முடியாது.

அடுத்தது பாதுகாவலர் பத்திரம். நீதிமன்றம் அக்காவைப் பாதுகாவலராக நியமித்தால், பாடசாலை அனுமதிக்கு அது உதவும். பிள்ளை அந்த எல்லைக்குள் வசிக்கிறது என்பதற்கு அத்தாட்சி. விசாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பாதுகாவலர் அமெரிக்கப் பிரசையாக இருப்பதால் மாணவருக்குச் சலுகை எதுவும் கிடையாது. இங்கே சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக்கடதாசிக்கும் அதே கதிதான். “அப்படியென்றால் தத்து எடுத்துவிட்டால்?” என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். இலங்கையும் அமெரிக்காவும் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். தாய் தகப்பன் உயிரோடு, வசதியோடு இருக்கும் பிள்ளையைப் பாடசாலைக்காகத் தத்துக் கொடுப்பதை அந்த நடைமுறை ஏற்காது. பெற்ற பிள்ளையைக் கடதாசியில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் யோசனையைச் சொன்னவர் யாராயினும், அவரிடம் மேற்கொண்டு ஆலோசனை கேட்காமல் இருப்பது உத்தமம்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் வழிகளும் உண்டு. 1996ஆம் ஆண்டின் கட்டுப்பாடு எப்-1 மாணவரை மாத்திரமே தொடுகிறது. தாயோ தகப்பனோ அங்கே பட்டமேற்படிப்புக்கு எப்-1 விசாவில் போனால், கூடப் போகும் பிள்ளைக்கு எப்-2 விசா. அந்தப் பிள்ளை பாலர் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பாடசாலையில் கட்டணமின்றி, கால எல்லையின்றி, பெற்றோரின் படிப்பு நீடிக்கும்வரை படிக்கலாம். தொழில் விசாவில் போனவரோடு எச்-4 என்ற குடும்ப விசாவில் போகும் பிள்ளைக்கும் இதே நிலை. பச்சை அட்டை கிடைத்த குடும்பத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எனவே கோப்பாய்த் தாயார் ஆசிரியராக இருந்து, முதுமாணிப் படிப்பைப் பற்றி எப்போதாவது யோசித்திருந்தால், மகனை அனுப்புவதைவிடத் தானே மாணவியாகப் போவது சட்டப்படி பலமடங்கு இலகுவானது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜே-1 என்ற பரிமாற்ற மாணவர் விசாவிலும் அரசாங்க உயர்நிலைப் பாடசாலையில் ஒரு கல்வியாண்டு படிக்கலாம். பாடசாலைகள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. வயது பதினைந்துக்கும் பதினெட்டரைக்கும் இடையில் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற அனுசரணை நிறுவனத்தின் ஊடாகவே போக வேண்டும். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். விருந்தோம்பும் குடும்பம் சம்பளமின்றி ஏற்பது. மாணவரை அவருடைய உறவினர் வீட்டில் வைக்க விதி இடந்தராது. அக்கா வீடு என்ற எண்ணத்தை இந்த வழி முதலிலேயே கழித்துவிடுகிறது.

தனியார் பாடசாலை என்றால் எப்-1 விசாவில் எந்த வகுப்பிலும், எத்தனை ஆண்டும் படிக்கலாம், அக்கா வீட்டிலிருந்தே போகலாம். விடுதியோடு கூடிய பெரிய பாடசாலைகளின் கட்டணம் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் நாட்பாடசாலைகள் அவ்வளவு இல்லை. சில மாநிலங்களில் அவற்றின் கட்டணம், அரசாங்கப் பாடசாலைக்கு வெளிநாட்டு மாணவர் கட்ட வேண்டிய முழுச் செலவைவிடக் குறைவாகவே அமைவது இந்தச் சட்டத்தின் வேடிக்கை. அரசாங்கப் பாடசாலைகளும் அதை உணராமல் இல்லை. காகித ஆலை நலிந்து, பிள்ளைகள் தொகை குறைந்த மேய்ன் மாநிலத்து மில்லினொக்கெற் என்ற சிற்றூர், தன் அரசாங்க உயர்நிலைப் பாடசாலையை நிரப்பச் சீனாவிலிருந்து கட்டணம் செலுத்தும் மாணவர்களை வரவழைக்க முயன்றது. பன்னிரண்டு மாத எல்லை அங்கேயும் குறுக்கே நின்றது: ஒரு வருடம் படித்த பிள்ளை, பட்டயம் வாங்கும் முன்னரே கிளம்பிவிட வேண்டும்.

லண்டனிலோ கனடாவிலோ உறவு இருப்பவர்களும் இதையே கேட்பதால் ஓரிரு வரி. பிரித்தானியாவின் சிறுவர் மாணவர் விசா கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலைகளுக்கு மட்டுமே உரியது, அரசு செலவிலான பாடசாலைக்கு அந்த விசாவே கிடையாது. அந்தத் தனியார் கட்டணத்துக்கும் 2025 ஜனவரியிலிருந்து 20 சதவீத வற் வரி சேர்ந்துவிட்டது. அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா நெருங்கிய உறவு. அம்மாவின் பெரியம்மா மகளை நாம் எவ்வளவு வாய் நிறையப் பெரியம்மா என்று அழைத்தாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியர். கனடா ஒப்பீட்டளவில் வெளிப்படையானது: ஒன்ராறியோவில் வெளிநாட்டு மாணவர் அரசாங்கப் பாடசாலைச் சபைக்கு ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கனடிய டொலருக்கு மேல் கட்டி, ஆண்டு எல்லையின்றி, பட்டயம் வாங்கும்வரை படிக்கலாம், பதினேழு வயதுக்குட்பட்டவருக்கு அங்கே பொறுப்பாளர் ஒருவரும், அதற்கு நொத்தாரிசு முன்னிலையில் முடித்த பத்திரமும் வேண்டும்.

இனிக் கோப்பாய்ப் பையனுக்கு வருவோம். அவன் தரம் 9. முறைப்படி ஒரு வருடம் அரசாங்கப் பாடசாலைக்குப் போய் வந்தால், சாதாரண தரப் பரீட்சைக்குரிய இரண்டு வருடங்களில் ஒன்று கழன்றுபோகும். திரும்பி வந்து தமிழ் இலக்கியத்தையும் வரலாற்றையும் எட்டிப் பிடிக்க வேண்டும். அங்கே வாங்கிய ஒரு வருடப் பெறுபேறு நம்முடைய பல்கலைக்கழக அனுமதிக்கு உதவாது; இங்கே உயர்தரத்தின் இசற் புள்ளிதான் (Z-score) கணக்கு. முக்கால் கோடி கொடுத்து இப்படியொரு இடைவெளியை வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண தரத்தை இங்கேயே முடித்த பின்னர், பணம் உண்மையிலேயே இருந்தால், தனியார் பாடசாலையைப் பற்றியோ, உயர்தரத்துக்குப் பின்னர் நேரே பல்கலைக்கழகத்தைப் பற்றியோ யோசிப்பதில் பொருள் இருக்கிறது. அதற்குள் அவனுக்கும் தான் போக விரும்புகிறானா என்று சொல்லும் வயது வந்துவிடும். கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததைக் கவனித்தேன்.

எது எப்படியாயினும் முகவருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். அக்காவுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், தன் ஊர்ப் பாடசாலை மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகளை அனுப்பட்டும்: எப்-1 மாணவருக்கு ஐ-20 வழங்கும் அங்கீகாரம் உங்களிடம் இருக்கிறதா, இந்த ஆண்டு மாணவர் ஒருவருக்கான மானியமற்ற முழுச் செலவு எவ்வளவு, விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்புமா? “என் தங்கையின் மகனைச் சேர்க்கலாமா?” என்று மட்டும் கேட்டால் ஆம் என்றே பதில் வரும். எப்-1 என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.